தலைநகருக்கு நான் விட்ட படகு

செவ்வாய் இரவு, நெடுந்தீவு.

அக்கா மகள் நிர்மலா நாளைய நேர்முகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "மாமா, தலைநகர் கொழும்புதானே?"

மூவுலகும் அறிந்த நான் சும்மா இருப்பேனா? "அது பழைய கதையடி. இப்ப ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டே. முந்தி ராசாக்கள் ஆண்ட ஊர். பாராளுமன்றம் வாவிக்கு நடுவில, தீவில இருக்குது."

அதுவரை உண்மை.

"அங்க எப்பிடிப் போறவை?"

"படகிலதான். விடியவே மந்திரிமார் இறங்குதுறையில வரிசையா நிப்பினம். காத்தடிச்சால் அண்டைக்குச் சட்டமே இல்லை!"

சிரிப்பாள் என்று பார்த்தேன். கொப்பியில் எழுதினாள். தீவென்றால் படகுதானே, இங்கே பிறந்தவளுக்கு அதில் என்ன சந்தேகம்?

"மாமாவுக்குத் தெரியாதது ஒண்டுமில்லை" என்று எழுந்து போனாள். அந்தப் புகழை விட மனமில்லாமல், பகிடியென்று சொல்லாமலே பாயை விரித்துப் படுத்தேன்.

கண்ணை மூடினால் பாராளுமன்றம் மிதந்து வருகிறது. மந்திரிமார் வேட்டியை மடித்துக் கட்டித் துடுப்பு வலிக்கிறார்கள். நடுவில் நிர்மலா, கொப்பியோடு. "பாலம் இருக்குதடி!" என்று கத்துகிறேன். அவளுக்குக் கேட்கவில்லை.

விடிந்தால் நேர்முகப் பரீட்சைக்கு முதல் படகில் போகிறாள். நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். உண்மை சொல்வதற்காக நான் விடியவே எழும்பப்போவது இதுதான் முதல் தடவை.