முட்டைக் கட்டு

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

இன்று மாலை கபடிப் பயிற்சியில் ஒரு பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். அங்கே பெண்களுக்குக் கோச் என் மகன் குமார். ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவன். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து நானும் ஓடினேன்.

"கட்டுக்காரர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்க. முட்டை வெச்சுக் கட்டினா சரியாயிரும்" என்றார் அவள் அப்பா.

"வேண்டாங்க! இப்பவே தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போங்க. முட்டைக் கட்டுப் போட்டுத்தாங்க என் ஆட்டமே போச்சு" என்றான் குமார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

அவனைக் கட்டுக்காரரிடம் கூட்டிப் போனது நான். ஆஸ்பத்திரியில் காலை அறுத்துவிடுவார்கள் என்று அவன் அப்பாவிடம் சண்டை போட்டதும் நான். ஆனால் ஆட்டத்தில் அவன் காலைப் பிடித்து இழுத்த முருகேசனைத்தான் பதினாறு வருடமாகத் திட்டுகிறேன். முருகேசன் அம்மா செத்ததற்குக்கூடப் போகவில்லை.

சோறு போடும்போது கேட்டேன். "ஏன்டா, எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே?"

"சொல்லி என்னம்மா பண்றது? முருகேசனைத் திட்டறது உனக்கு ஆறுதலா இருந்துச்சு. ரசம் ஊத்து."

முருகேசன் இழுக்காமல் இருந்திருந்தால் கட்டே தேவைப்பட்டிருக்காது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கட்டைப் பிரித்த அன்று, "வலிக்குதும்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா" என்று குமார் அழுதான். "ஆம்பளப் பையன் அழுவாதடா" என்று சொல்லி, இன்னொரு கட்டுப் போடச் சொன்னேன்.