நீலக் கிறீஸ்

என்ர குஞ்சு அமலனுக்கு,

அம்மா எழுதுறன். றீற்றா கொம்பியூட்டரில அடிச்சுத் தாறன் எண்டவள். நான் சொல்லச் சொல்ல உன்ர பெஞ்சாதி அழுவாள், பிறகு தனக்கு வடிவாத் தெரியிற மாதிரி மாத்தி அடிப்பாள். எனக்கு அது வேண்டாம். அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டின எழுத்து, பிழையோடதான் கிடக்கும். கோயில் மலரில உன்ர மூண்டாம் ஆண்டு நினைவுக்கு ஒரு பக்கம் விட்டிருக்கினம். படமும் பேரும் போட்டால் காணும் எண்டுதான் இருந்தனான். இப்ப காணாது.

உன்ர பனி மோட்டாரைக் கழட்டிப்போட்டம், மகன். நீங்கள் ஸ்னோமொபில் எண்டு சொல்லுற அந்தச் சாமான்.

வீட்டை விக்கப்போறம். ரொக்ஸ்பரோ வீட்டில எந்தக் கதவைத் திறந்தாலும் நீ நிக்கிறாயாம் எண்டு சொல்லுறாள் றீற்றா. வேலைக்குக் கிட்ட, புவாண்ட்-கிளேரில ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறாள். அவளை நான் எப்பிடி மறிக்கிறது? எனக்கும் நீ நிக்கிறாய். நான் கதவைத் திறந்து விட்டிட்டு அதிலயே நிக்கிறன், அவளால ஏலாது.

கராஜில மூடிக்கிடந்த மோட்டாரை வாங்க ஒரு வெள்ளைக்காரன் வந்தவன். கிளச்சைக் கழட்டி, அதுக்குள்ள இருக்கிற தண்டு பழுதில்லை எண்டு காட்டினால் கொண்டுபோறன் எண்டிட்டான். றீற்றா என்னட்டக் கேக்காமல் ஆரைக் கூப்பிட்டாள் தெரியுமோ? சந்திரனை.

எந்தச் சந்திரன் எண்டு நீ கேக்க மாட்டாய். வாசிக்கிற சனத்துக்குச் சொல்லுறன். மட்டக்களப்புப் பிள்ளை. டொலார்ட்டில புல்லு வெட்டுற மிசினும் பனி மோட்டாரும் திருத்துறவன். என்ர மகனோட ஒரு கோப்பையில சாப்பிட்டவன். அந்த வருசம் பனி கொட்ட முதல் இந்தக் கிளச்சைத் திருத்திப் பூட்டினது அவன்தான்.

பிறகு மாசி மாதம், நடு ஏரியில, ஐஸுக்கு மேல, இஞ்சின் கிடந்து கத்துது, மோட்டார் அசையேல்லை. நீ எனக்குப் போன் எடுத்தாய். "அம்மா, சாமான் நிண்டிட்டுது. நடந்து வாறன். டொறே மீன் ரெண்டு பட்டிருக்கு. நீங்கள் கத்தியைத் தொடாதேங்கோ, நான் வந்து வெட்டுறன்." காத்து இரைஞ்சது. "தொப்பியைப் போடடா" எண்டன். "ஓமம்மா" எண்டாய்.

கரைக்குக் கிட்ட வந்து இருந்திட்டாய், பிறகு எழும்பேல்லை. மீன் பையைக் கைவிடேல்லையாம். இருதயம் எண்டினம் டொக்டர்மார். நான் சந்திரன் எண்டன்.

உன்ர முப்பத்தோராம் நாள் பூசை முடிய, கோயில் மண்டபத்தில எல்லாச் சனத்துக்கும் முன்னால எழும்பிச் சொன்னனான், "என்ர பிள்ளையைக் குளிருக்க நடக்கவிட்டுச் சாக்காட்டினவன் இதில இருந்து சோறு தின்னுறான்" எண்டு. அவன் சோத்துக் கோப்பையை மேசையில வைச்சிட்டு எழும்பிப் போனான். றால் குழம்பில கையே வைக்கேல்லை. கலியாண வீட்டில எனக்கு இறைச்சி வைக்காமல் போன உன்ர சின்ன மாமியையே நான் இன்னும் மன்னிக்கேல்லை, இவனை விடுவனோ? மூண்டு வருசம் அவன் நிக்கிற பக்கம் நான் பார்க்கேல்லை.

போன சனி வந்து கராஜ் வாசலில நிக்கிறான். தலை நரைச்சுப் போச்சு.

"அம்மா, உள்ளுக்கு வரலாமோ?"

"கராஜுக்கு வா. வீட்டுக்க வராதை."

"சரியம்மா."

நான் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு முன்னால இருந்தன். என்ன செய்யிறான் எண்டு பார்க்கவேணுமே. மூடியைக் கழட்டினான், பெல்ட்டை எடுத்தான், நடு மரையாணியைக் கழட்டினான். கிளச் கழட்டுறதுக்கெண்டு நீ சுவரில கொழுவி வைச்சிருந்த நீள மரையாணியை எடுத்து ஓட்டைக்குள்ள விட்டு முறுக்கினான். கிளச் அசையேல்லை. அடிச்சான். அசையேல்லை. நான் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டன் மகன், பொய் சொல்லேல்லை.

"அம்மா, கயிறு ஒண்டு தருவிங்களா?"

"ஏன், கழுத்தில போட்டுத் தூங்கப் போறியோ?"

றீற்றா, "மாமி!" எண்டு கத்தினாள். அவன் சிரிச்சான். கன காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்டன். உடுப்புக் காயப்போடுற கயிற்றைக் குடுத்தன். பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டையால கயிற்றை இஞ்சினுக்குள்ள திணிச்சான். தண்டு சுத்தாமல் அது இறுக்கிப் பிடிக்குமாம். பிறகு தண்ணி கேட்டான்.

"குடிக்கவோ?"

"இல்லையம்மா, இதுக்கு."

கிளச்சின்ர நடு ஓட்டைக்குள்ள தண்ணியை வார்த்தான். ஆணியில வெள்ளை ரேப்பைச் சுத்தித் திருப்பியும் விட்டு முறுக்கினான். தண்ணிக்குப் போக வழியில்லை, அதுதான் கிளச்சைத் தள்ளவேணும் எண்டு றீற்றாவுக்குச் சொல்லிக்கொண்டு முழுப் பாரத்தையும் போட்டு முறுக்கினான். டமார் எண்டு ஒரு சத்தம். நான் "யேசுவே" எண்டு கதிரையை விட்டு எழும்பிட்டன். கழண்டிட்டுது.

உள்ளுக்க நீலம்.

நடுவில கருகி ஒட்டிக் கறுத்துப்போய், விளிம்பில நீல நிறம் அப்பிக்கிடந்தது. சந்திரன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பழந்துணியை எடுத்துக் கெதியாத் துடைக்கத் துவங்கினான்.

"துடையாதை. என்னது உது?"

"கிறீஸ் அம்மா."

"உதுக்குள்ள பூசுறதோ?"

"பூசக்கூடாதம்மா. காய்ஞ்ச இரும்பும் காய்ஞ்ச இரும்பும்தான் கடிச்சுப் பிடிக்கும். பூசினா வழுக்கும். இஞ்சின் சுத்தும், கிளச் சுத்தாது."

"அப்ப ஆர் பூசினது?"

குனிஞ்சபடி சொன்னான். "நான்தான்."

"உன்ர கடையில நீலக் கிறீஸ் இருக்கோ?"

பழந்துணியைச் சுருட்டிப் பொக்கெற்றுக்க வைச்சான்.

என்ர மண்டைக்கு மறதி எண்டொரு சாமானை ஆண்டவர் தரேல்லை, உனக்குத் தெரியும். அந்த வருசம், யேசு பிறந்த நத்தாருக்கு நான் பயத்தம் பணியாரம் சுடுறன். நீ கராஜால வந்து என்ர வெள்ளைத் துணியில கை துடைக்கிறாய். முழுக்க நீலம். நான் ஏசுறன். நீ சொல்லுறாய், "அம்மா, சந்திரன் ஒரு பொட்டுக் கிறீஸும் இல்லாமல் பூட்டியிருக்கிறான். அப்பா கண்டால் அடிச்சே போட்டிடுவார். வள்ளத்து மோட்டாருக்குப் பூசிறதை வடிவாப் பூசிப் பூட்டிட்டன்."

உன்ர அப்பா எங்கட ஊர் பேசாலைக் கரையில அப்பிடித்தான். உப்புக்காத்து இரும்பைத் தின்னும் எண்டு கண்ட இடமெல்லாம் கிறீஸ் பூசுவார், நீ கிறீஸ் ரின்னைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாய். இஞ்ச எங்க மகன் உப்பு? நல்ல தண்ணி ஏரிக்கு நீ எங்கட கடலுக்குப் பூசிற மாதிரிப் பூசிவைச்சாய். மூண்டு வருசமா அந்தக் கதை என்ர காதுக்குள்ளயே கிடந்தது. எந்த இரும்புக்கு எது கூடாது எண்டு எனக்கு ஆர் சொன்னது?

இப்ப நான் ஆரோட கோவிக்கிறது? கொப்பரோடயோ? அந்தக் கடலோடயோ?

"பொய் சொல்லாதை சந்திரன்" எண்டன். "அவன் பூசினது எனக்குத் தெரியும்."

அவன் எழும்பேல்லை. நிலத்தில இருந்தபடி சொன்னான், "ஏலுமெண்டா என்னோடயே கோவமா இருங்க அம்மா. எனக்குப் பழகிட்டுது. நீங்க அவனோட கோவிச்சா, அவன் எங்க போவான்?"

றீற்றா கதவைப் பிடிச்சுக்கொண்டு அழுதாள். நான் அழேல்லை. அண்டைக்கு அழேல்லை.

"கையைக் கழுவு" எண்டன். "வீட்டுக்க வா. தேத்தண்ணி போடுறன்." வந்தான். நீ இருக்கிற கதிரையை விட்டிட்டுப் பக்கத்துக் கதிரையில இருந்தான்.

அதாலதான் மகன் இந்தக் கடிதம். மண்டபத்தில இருந்த அத்தனை சனமும் இதை வாசிக்கவேணும். சந்திரனில ஒரு பிழையும் இல்லை. அவன் பூட்டினது சரி. என்ர பிள்ளை தன்ர தேப்பன் காட்டினபடி செய்தான், அது இந்த ஊருக்குச் சரிவரேல்லை. இதுக்கு மேல ஆரும் என்னட்ட ஒண்டும் கேக்கத் தேவையில்லை.

தண்டு கறுத்ததுக்கு விலையைக் குறைச்சு, மோட்டாரை வெள்ளைக்காரன் ஏத்திக்கொண்டு போயிட்டான். கயிற்றைத் தோய்ச்சுத் திருப்பிக் கட்டினன், எண்ணெய் மணம் போகேல்லை. கிடக்கட்டும்.

நீ சொன்னபடி அண்டையில இருந்து நான் மீனுக்குக் கத்தி வைக்கேல்லை. நீ வந்து வெட்டுவாய் எண்டுதானே சொன்னாய்? உன்ர பூசையண்டைக்கு நான் வெட்டுவன். புளி விட்டுக் காய்ச்சுவன். மண்டபத்தில, எல்லாருக்கும் முன்னால, உனக்கெண்டு வைக்கிற மீன் தலையைச் சந்திரன்ர கோப்பையில போடுவன். அவன் முழுக்கச் சாப்பிட்டு முடியுமட்டும் பக்கத்தில நிப்பன். இது சத்தியம்.

கோவத்தை மட்டும் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். அது உனக்கு. நடந்து வாறன் எண்டிட்டு வராமல் விட்டனி. நான் வந்து நேரில கேக்கிறன், அதுவரைக்கும் தொப்பியைப் போட்டுக்கொண்டு இரு.

உன்னோட கோவமாயிருக்கிற,
உன்ர அம்மா