பிழையில்லாத மின்னஞ்சல்

2024 மார்ச் 4
வங்கியின் பெயரில் எனக்கொரு மின்னஞ்சல். "உங்கள் கணக்கு இடைநிறுத்தம் ஆகிவிட்டான். உடனே கீழே அமுக்கி கடவுச்சொல் தரவும்." ஆகிவிட்டானாம்! நோர்வூட் பாடசாலையில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவளிடமா இந்த வேலை? திருடுவதற்குக்கூட நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரியாத பிறவிகள். இதற்கும் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்னவென்று சொல்ல?

மார்ச் 5
ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன். ஒரே சிரிப்பு. கணித ஆசிரியர் றோலண்ட் சேர் மட்டும், "அனுப்புன முகவரியப் பாத்தீங்களா டீச்சர்?" என்றார். எதிலும் அவருக்கொரு கேள்வி. இந்தத் தமிழைப் பார்த்த பிறகு முகவரி எதற்கு?

மார்ச் 9
அண்ணி நாகலெட்சுமி வந்திருந்தார். பல வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வெளியே ஒரு வீடு கட்டவென்று அந்தக் காசு வங்கியில் கிடக்கிறது.
"எனக்கும் பேங்க் பேர்ல மெயில் வருது வடிவு. எப்படிக் கண்டுபுடிக்கிறது?"
"தமிழப் பாருங்க அண்ணி. பிழை இருந்தா கள்ளன். இல்லாட்டி பேங்க்."
இதுகூடத் தெரியாமல் எப்படித்தான் குவைத் போய் வந்தாரோ!

மார்ச் 16
ஐயோ.

மார்ச் 17
நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. அண்ணிக்கு வந்த மின்னஞ்சலில் ஒரு பிழை கிடையாது. சந்தி சரி, காற்புள்ளிகூடச் சரி. இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் இணைப்பை அழுத்தியிருக்கிறார். கடவுச்சொல், கைபேசிக்கு வந்த இரகசிய எண் — எல்லாம் கொடுத்துவிட்டார். வங்கிக்குப் போன் போட்டு நிறுத்துவதற்குள் பாதிக்குமேல் போய்விட்டது.
அனுப்பிய முகவரியைப் பார்த்தேன். வங்கியின் பெயர்தான், நடுவில் ஓர் எழுத்து கூடுதல். அதைப் பார்க்கச் சொன்னேனா நான்? பெரிய இவ! எழுவாய் பயனிலை பாத்துக் கள்ளனப் புடிக்கிறவ! த்தூ.

மார்ச் 18
வங்கியின் ஹட்டன் கிளைக்குப் போனோம். இதையெல்லாம் நம்பச் சொல்லி யார் சொன்னது என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்: யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் அழுத்தினேன்.
திரும்பும்போது பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "டீச்சர்னு நாலு பேரு மதிக்கிறாங்க. அந்த மதிப்பாவது மிஞ்சட்டும்."

ஏப்ரல் 5
காலையில் அண்ணி கைபேசியோடு வந்தார். விசாரணை பற்றி வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்ததாம். முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. தமிழும் சரி. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"தெரியல அண்ணி," என்றேன். "எதையும் அமுக்க வேணாம். பேங்குக்கே போய்க் கேப்போம்."
பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு, இருவரும் ஹட்டன் பஸ் ஏறினோம்.