நாய்க்கூட்டுக்குப் போக மிச்சம்

அன்புள்ள அம்மாவுக்கு லோஜன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

கொழும்பில் ஒரு பங்களா நாய்க்கூட்டின் தகரக் கூரைக்கு அடியில், வெயில் இறங்காமலிருக்க வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் அடித்தோம், நானும் கூரை வேலை முதலாளியும். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாய்க்குச் சூடு ஆகாதாம். எங்க மலைத் தோட்டத்து லயத்துத் தகரத்துக்குக் கீழ மனுசங்க வெறைச்சுக் கெடக்கிறாங்க, மொதலாளி!"

"ஒனக்கு வாய் கூடிப்போச்சுடா," என்று சிரித்தார். "சரி, மிச்சத்த நீயே எடுத்துக்க."

வெயிலைத் தடுப்பது குளிரையும் தடுக்கும், அம்மா! நம் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போதும். நம் ஊருக்கு வரும் டயகம பஸ்ஸில் அனுப்பிவிட்டேன். பளபளக்கிறதே என்று சாமிப் படத்துக்குப் பின்னால் மாட்டிவிடாதீர்கள். அப்பாவைக் கூரைக்கடியில் அடிக்கச் சொல்லுங்கள்; அடுப்புக்கு மேலும் வயர் பக்கமும் வேண்டாம்.

அடிக்கும் முன்பு, மழை பெய்யும்போது எனக்கு ஒரு போன் கோல் எடுங்கள். தகரம் போடும் அந்தச் சத்தத்தைக் கடைசியாக ஒருதரம் கேட்டுக்கொள்கிறேன். முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்,
லோஜன்