அணையாத மஞ்சள் விளக்கு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் எரிகிறது. என்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு. மெக்கானிக் தன் கருவியைச் செருகி அணைத்துக் கொடுத்து ஒன்பது நாள்தான் ஆகிறது. சத்தம் சரி, இழுவை சரி. பின் எதற்கு இந்த முறைப்பு?

மகனிடம் சொல்லியிருக்கக் கூடாது. "வண்டிக்கும் வயசாச்சு, உங்களுக்கும் ஆச்சு. வித்துடலாம்மா" என்றான். ஞாயிற்றுக்கிழமைக்குள் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் சாவியை உன் கையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு.

வீட்டுக்காரர் இறந்த மறுவருஷம், ஐம்பத்தொன்பது வயதில் ஓட்டக் கற்றேன். பதினாறு வருஷமாக யாரிடமும் 'கொஞ்சம் கொண்டுபோய் விடு' என்று கேட்டதில்லை. இனிக் கேட்பதா?

மார்ச் 4, புதன்

ஏதோ சென்சாராக இருக்கலாம், மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். 'பார்க்கலாம்' ஒரு பதிலா? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

இந்த நாட்குறிப்பையே பின்னோக்கிப் புரட்டினேன். ஜனவரி முதல் நான்கு முறை விளக்கு எரிந்திருக்கிறது. நான்கு முறையும் பெட்ரோல் போட்ட ஓரிரு நாளில். நான்கு முறை தற்செயலாக நடக்காது.

மார்ச் 6, வெள்ளி

தேதிகளை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். மெக்கானிக் இரண்டு முறை படித்தார். நேராகப் போய்ப் பெட்ரோல் டாங்க் மூடியைத் தொட்டார். ஆடியது. ஆவி கசிந்தாலும் அந்த விளக்கு எரியுமாம். யார் மூடுவது என்று கேட்டார். நான்தான். பங்க்காரர்கள் அரைகுறையாக மூடுவார்கள் என்று நானே இறங்கி மூடுகிறேன்.

"டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் திருகுங்கம்மா."

திருகினேன். வரவில்லை. மறுபடியும். மணிக்கட்டில் சுரீரென்றது. அவர் மும்முரமாகக் கை துடைக்க ஆரம்பித்தார். பங்க்காரர்களையே மூடச் சொல்லிவிடுங்கள் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

விளக்கை அணைத்தாயிற்று. ஜெயித்துவிட்டேன். மூடி தளர்ந்திருந்தது என்று மட்டும் மகனிடம் சொன்னால் போதும். பொய்யும் இல்லை.

நான் படித்த கான்வென்ட்டில், பொய் சொன்னவளைவிடப் பாதி உண்மை சொன்னவள்தான் அதிக நேரம் முழங்காலில் நின்றாள்.

மார்ச் 7, சனி

மூடியை இறுக்க முடியாத கை, ஹேண்ட் பிரேக்கை மட்டும் எப்படி இழுக்கிறது?

நூலகத்துக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத ஏற்றத்தில் நிறுத்தினேன். முடிந்த மட்டும் இழுத்தேன். பிரேக்கிலிருந்து காலை மெல்லத் தூக்கினேன். ஒரு கணம் நின்றது. பிறகு பின்னால் — மெதுவாகத்தான் — பின்னால்...

மிதித்துவிட்டேன்.

வழக்கமாக நான் சிக்னலுக்கு நிற்பது ஆஸ்பத்திரி ஏற்றத்தில். பின்னால் எப்போதும் யாராவது ஸ்கூட்டரில், முன்னால் குழந்தையை நிறுத்திக்கொண்டு. இத்தனை நாளா என் கால் மட்டுந்தான் தாங்கிட்டு இருந்துச்சா? கால் வழுக்கியிருந்தா? ஐயோ.

மார்ச் 8, ஞாயிறு

மகன் வந்ததும் டேஷ்போர்டைத்தான் பார்த்தான். விளக்கு இல்லை. நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று சிரித்தான். அவனை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்துக்குப் போனேன். செய்து காட்டினேன்.

அவன் கை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இன்னும் மேலே இழுத்தான். பிறகு, "கை வலிக்குதுன்னு சொல்லவே இல்லியேம்மா."

"நீ வண்டியைப் பத்தித்தானே கேட்ட."

மார்ச் 10, செவ்வாய்

பல் டாக்டரிடம் போக வேண்டும். தொலைபேசியில் மகனிடம் 'கொஞ்சம் கொண்டுபோய் விடு' என்று சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆயிற்று.

வந்து ஓட்டினான். வேகம் எடுக்கும் முன்பே கியரை மாற்றுகிறான். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை, மாற்றலாமா என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மாற்றினான்.