நேவி தேய்த்தால் மழை

3.10.06, செவ்வாய்

காலையில் மூட்டம். மண்ணரை ரோடெல்லாம் புழுதிக் காற்று. வாங்க வேண்டியவை: ஜெனிக்கு அழி ரப்பர், சீப்பு, தேங்காய் எண்ணெய். சீப்பை மறந்தாயிற்று.

இன்று ஒரு விஷயம் பிடிபட்டது. ஜெனி தினமும் பல் விளக்கிக்கொண்டே, "இன்னைக்கு என்ன கலர்ப்பா?" என்று கேட்பாள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்தே இந்தக் கேள்விதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அப்பன் வேலையை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறதே என்று எனக்கு உள்ளூரப் பெருமை. நானும் முதலாளிக்குச் சொல்வதுபோல் மரியாதையாகச் சொல்வேன். வெள்ளை. மெரூன். இன்று கருநீலம். "நேவி" என்றேன். ஓடிப்போய் மழைக்கோட்டை எடுத்துப் பைக்குள் திணிக்கிறாள்.

அவள் அம்மா ஸ்டெல்லா, "அது எதுக்குட்டி?" என்றாள்.

"அப்பா நேவி தேய்ச்சா மேகம் கறுப்பால்லா வரும்."

உட்காரவைத்து விசாரித்தோம். கம்பெனியில் அப்பா பனியன் தேய்க்கிறார். அயர்னிலிருந்து ஆவி வருகிறது. ஃபேன் ஓட்டை வழியாகச் சந்துக்கு வந்து மேலே போகிறது. (ஸ்டெல்லாவோடு வீடு திரும்பும்போது தினமும் பார்க்கிறாள்.) மேலே போய் மேகமாகிறது. வெள்ளை பனியனுக்கு வெள்ளை மேகம். கறுப்பு, நேவி என்றால் மழை. கோடு போட்ட கலர் பனியன் என்றால் வானவில். போன மாதம் வந்த வானவில் நான்தானாம்.

ஸ்டெல்லாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். வேலைக்குப் போய் முதல் ஆவி விட்டபோது சிரிப்பு வரவில்லை. அது ஃபேனைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருஷமாக விடுகிறேன், எங்கே போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கையில் மயிர் கூச்செறிந்தது.

சூப்பர்வைசர்: "என்ன மாஸ்டர், பீஸ் நிக்குது, பராக்குப் பாக்கறீங்க."

4.10, புதன்

நேற்று சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. நேவியேதான்.

காம்பவுண்டில் புது மரியாதை. நேற்று மதியம் வீட்டுக்காரம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தார்களாம். ஜெனி பள்ளி விட்டு வந்ததும், "பெரியம்மா, மொளகாய எடுங்க, எங்கப்பா இன்னைக்கு நேவி" என்றிருக்கிறாள். அவர்கள் பிள்ளை பேச்சை மதித்து எடுத்துவிட்டார்கள். அரை மணியில் மழை.

காலையில் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஏனுங்க மாஸ்டர், மொளகா இன்னும் ரெண்டு வெயில் காயோணுமுங்க. கொஞ்சம் வெள்ளையாப் பாத்துத் தேய்ங்க."

"சரிங்க, பார்க்கேன்" என்றேன். வேறென்ன சொல்ல.

இன்று வெள்ளைதான். நல்ல வெயில்.

5.10, வியாழன்

கை வெந்துவிட்டது. இடது மணிக்கட்டும் புறங்கையும். ஆவிக் குழாய் கழன்று அடித்துவிட்டது. மேல்தோல்தான் என்றார் டாக்டர். கட்டு. ஊசி. பத்து நாள் வேலை கூடாது. நல்ல வேளை வலது கை இல்லை, எழுத முடிகிறது. எரிச்சல் தாங்கவில்லை.

ஜெனி கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுப்பா சுட்டுச்சு?"

"ஆவிதாம்மா."

சோறு சரியாக இறங்கவில்லை அவளுக்கு. நான் பயந்த முகத்தைக் காட்டியிருக்கக் கூடாது.

6.10, வெள்ளி

வீட்டில் சும்மா. ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு டிவி. காலையில் ஜெனி கலர் கேட்கவில்லை. நான் வேலைக்குப் போகாததால் என்று நினைத்தேன்.

மூன்றரைக்குத் தூறல். ஸ்டெல்லாவுக்கு இன்று ஓவர்டைம், ஜெனியைக் கூப்பிட நான் போனேன். எல்லாப் பிள்ளைகளும் தூறலில் குதித்துக்கொண்டு போகின்றன. இவள் மட்டும் வகுப்புச் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறாள். கையைப் பிடித்தால் வர மாட்டேன் என்று கத்தல். டீச்சருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"மழை சுடும்ப்பா."

"மழை எங்கயாவது சுடுமாட்டி?"

கட்டைத் தொட்டுக் காட்டினாள். "ஆவி சுட்டுச்சுல்லா. அந்த ஆவிதானப்பா மழை."

கணக்கு சரியாகத்தானே இருக்கிறது. தூறல் நின்று, தரை காய்ந்த பிறகுதான் வந்தாள். வழியில் தேங்கிய தண்ணீரையெல்லாம் சுற்றிச் சுற்றிக் கடந்தாள்.

7.10, சனி

ஸ்டெல்லா சொன்னாள்: "வெளையாட்டா இருந்துச்சு, விட்டோம். இனி உண்மையச் சொல்லிருங்க. பிள்ள பயந்து சாவுதா."

சொல்லத்தான் வேண்டும். ஆனால் மனசு வரவில்லை. இங்கே வெட்கப்பட யாருமில்லை என்பதால் எழுதுகிறேன்: இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் அயர்ன் மாஸ்டர். சந்துக்குச் சந்து எத்தனையோ பேர். ஒருத்தி மட்டும்தான் நான் வானத்தை நிரப்புகிறவன் என்று நம்பினாள். சொல்லிவிட்டால் நானும் பத்தோடு பதினொன்று.

சொன்னேன். மடியில் வைத்து, நிறுத்தி நிறுத்தி. "அது அப்பா விடுற ஆவி இல்லம்மா. மேகம் கடல்ல இருந்து வருது. தூத்துக்குடிக்குப் போனப்ப பாத்தியே, அந்தக் கடல். அந்தத் தண்ணி ஆவியாகி மேல போவும்."

என் சட்டைப் பொத்தானைத் திருகினாள்.

"கடல்ல யாருப்பா தேய்க்காங்க?"

யாரும் இல்லை, வெயில்தான் என்றேன். நம்பவில்லை. என் கன்னத்தைத் தடவினாள். "ஊரெல்லாம் சுட்டுரும்னு உங்களுக்குக் கவலைல்லா, அதான் கடல்ங்கீங்க."

ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லியும் பதவி போகவில்லை. இப்போது எனக்கே அது வேண்டாம்.

8.10, ஞாயிறு

கோவிலுக்குப் போனோம். மூட்டம். ஜெனி தலையில் துண்டு, கைகளைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு. கடை நிழல், கூரை நிழல் என்று பார்த்துப் பார்த்து நடை. ஜெபத்தில் உதடு அசைவதைக் குனிந்து கேட்டேன்: "அப்பா விட்ட ஆவி யாரையும் சுட்டுறக் கூடாது சாமி."

மதியம் வீட்டுக்காரம்மாவிடம் போய், "பெரியம்மா, மழை வந்தா வெளிய வராதீங்க, சுட்டுரும். எங்கப்பா வேணும்னு பண்ணல" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "நான் உள்ளாறயே இருக்கறேன் கண்ணுன்னு சொல்லிப்போட்டனுங்க. ஆனா இப்புடியே உட்ராதீங்க மாஸ்டர். மழைக்குப் பயந்துக்கிட்டு புள்ளை எப்புடிங்க வளரும்?"

அதுதான் எனக்கும். தூங்கும்போதும் போர்வையைக் கையில் சுற்றிக்கொள்கிறாள்.

11.10, புதன்

மழை இல்லை. எரிச்சல் குறைவு. அரிக்கிறது. ஜெனி கலர் கேட்கவில்லை. காலையில் அந்தக் கேள்வி இல்லாமல் வீடு வீடாக இல்லை. வாளி ஒழுகுகிறது, மாற்ற வேண்டும்.

16.10, திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். ரோஸ் நிறத்தில் புதுத் தோல். ஜெனி தொடாமல், பக்கத்தில் வந்து மூச்சுவிட்டுப் பார்த்தாள்.

நாலு மணிக்குப் பெரிய மேகம். கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. ஸ்டெல்லாவும் வீட்டில்தான் இருந்தாள். முதல் துளி விழுந்ததும் ஜெனி கதவைச் சாத்த ஓடினாள். நான் அதற்குள் முற்றத்தில் இறங்கிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. வெந்த கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்பா, வேண்டாம்ப்பா. அப்பா, வந்துருங்க."

அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. போகவில்லை. புதுத் தோலில் மழை விழுந்தது. முதலில் சுரீர் என்றது, முகம் சுளிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன். பிறகு குளிர்ந்தது. இப்படிக் குளிர்ந்த மழையை நான் அனுபவித்ததே இல்லை. ஸ்டெல்லாவும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். உள்ளாறயே இருப்பேன் என்ற வீட்டுக்காரம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் வாசலிலிருந்து இறங்கினார்கள். மூன்று பேரும் நனைந்தோம்.

ஜெனி அழுகையை நிறுத்தினாள். வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு விரலை மட்டும் நீட்டினாள். வெடுக்கென்று இழுத்தாள். விரலைப் பார்த்தாள். மறுபடி நீட்டினாள். பிறகு உள்ளங்கை. பிறகு என்னிடம் ஓடி வந்து என் கையைத் தூக்கி அந்தத் தோலைப் பார்த்தாள்.

"சூடே இல்லப்பா."

"இல்லம்மா."

அண்ணாந்து பார்த்தாள். மழை முகத்தில் விழ விழக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தாள். "ரொம்ப மேலல்லாப்பா போவுது. அங்க போய்க் குளுந்துருது."

நானும் அண்ணாந்தேன். அவள் சொன்னது பொய்யா, மெய்யா, சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு தண்ணீர் தலைக்கு மேல் எப்படித்தான் நிற்கிறதோ. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

தலை துவட்டியாயிற்று. எல்லாருக்கும் சுக்குக் காப்பி.

17.10, செவ்வாய்

வெயில். வேலைக்குப் புறப்பட்டேன். சட்டைப் பொத்தான் போடும்போது பின்னாலிருந்து, வாயில் நுரையோடு:

"இன்னைக்கு என்ன கலர்ப்பா?"

"போனாத்தான் தெரியும்மா" என்றேன்.

போனேன். புதுக் குழாய் மாட்டியிருக்கிறார்கள். மேசை மேல் கட்டுக் கட்டாகக் கறுப்பு. முதல் ஆவி விட்டேன், ஃபேனைத் தாண்டிப் போயிற்று. டீ நேரத்தில் வெளியே வந்து பார்த்தால் சுள்ளென்று வெயில், ஒரு பொட்டு மேகம் இல்லை.

எதிரே இருந்த பூத்திலிருந்து வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மிளகாய் வெளிய கெடக்கா? எடுத்துருங்க. இன்னைக்குக் கறுப்பு."

"சரிங்க மாஸ்டர், இப்பவே எடுத்தறேன்" என்றார்கள். சிரிக்கவில்லை.