சாரல் காற்றில் இறங்கும் கோடு

அக்கா,

இன்று காலை சாரல் தொடங்கிவிட்டது. ஜன்னலோரம் நிற்கும் உங்கள் கண்ணாடிக் குழாயில் நடுப்படலம் கலங்கிச் சுருங்குகிறது. குளிர்ந்தால் அது அப்படித்தான்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என்னைத் தென்காசியில் உங்கள் மாடி அறைக்குக் குழாய் கழுவத்தான் அம்மா அனுப்பினாள். குற்றால விடுதிகளில் எண்ணெய்க் குளியலுக்குப் பின் குவியும் துண்டுகளின் பிசுக்கை எடுக்க ஒரு திரவம் செய்துகொண்டிருந்தீர்கள். எண்ணெய், தண்ணீர், சோப்புக் கரைசல், கொஞ்சம் ஸ்பிரிட். குலுக்கி வைத்தால் மூன்று அடுக்காகப் பிரியும். ஊற்றிய எண்ணெயில் மேலே மிஞ்சியதைக் கழித்தால் நடுவில் கரைந்தது தெரியும். அதைச் சோப்பின் அளவால் வகுக்க வேண்டும். தண்ணீருக்கும் அப்படியே. இரண்டு விடையும் ஒன்றாக வருகிற கலவைதான் உங்களுக்கு வேண்டும்.

யாரிடமும் வாய் திறக்காத நான், அடுக்குகள் குழாயில் எந்தக் கோட்டில் நிற்கின்றன என்பதை மட்டும் சத்தமாகச் சொல்வேன். "ஏட்டி, கணக்குன்னாத்தான் ஒனக்கு வாயே வருது" என்று சிரிப்பீர்கள்.

சாரல் வந்து அறை குளிர்ந்ததும் இரண்டு விடைகளும் விலகின. ஜன்னல்களை அடைத்து இடுக்கில் பழந்துணி செருகினீர்கள். கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து அதில் குழாய்களை நிறுத்தினீர்கள். அறை முழுக்க ஸ்பிரிட் வாடை.

"ஜன்னலத் தொறக்கட்டாக்கா? தல சுத்துது."

"தொறந்தா கோடு எறங்கிரும்ட்டி. வெளிய கொஞ்சம் நின்னுட்டு வா."

"ஒங்களுக்குச் சுத்தலியா?"

"சுத்தத்தான் செய்யுது. கோடு நிக்குதுல்லா."

ஒருநாள் சுவர்ப்பல்லி தரையில் செத்துக் கிடந்தது. காகிதத்தில் அள்ளி வெளியே போட்டீர்கள். கை கழுவிவிட்டு அடுத்த குழாயைக் குலுக்கினீர்கள்.

அன்று ஒரு குழாயைக் குற்றாலத்து விடுதிக்கார அண்ணாச்சியிடம் காட்டிவர அனுப்பினீர்கள். நான் படியிறங்கும்போது, கதவின் அடியிலும் உள்ளிருந்து துணி நுழைந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சி குழாயை வெளிச்சத்தில் பிடித்து, "ஊத்துன எண்ணெ எங்கட்டி போச்சு?" என்றார். திரும்பப் பேருந்துக்குக் காத்திருந்தபோது குழாயைப் பொத்திப் பிடித்திருந்தேன். கைச்சூட்டில் நடுப்படலம் தெளிந்து விரிந்தது. கோடுகளைப் பார்த்து மனத்தில் வகுத்தேன். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஒரே விடை. உங்களிடம் சொல்ல ஓடிவந்தேன்.

தெருமுனையிலேயே புகை தெரிந்தது. அடுப்பு அணைந்து அடைத்த அறையில் கேஸ் நிறைந்திருக்கும், மறுபடி பற்றவைக்கத் தீக்குச்சி உரசியிருப்பீர்கள் என்றார் தீயணைப்பு வண்டியில் வந்தவர்.

இப்போது எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஜன்னலைத் திறக்கிறேன். பிறகு குழாயை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொள்கிறேன். கோடு மெதுவாக ஏறுகிறது. இரண்டு விடையும் ஒன்றாகிவிட்டது, அக்கா. சத்தமாகத்தான் சொல்கிறேன்.